தோற்றவர் பேச்சு

குடும்பத்தோடு ஆடும் பலகை விளையாட்டுகளின் பெட்டியில் மூன்று எண்கள் தவறாமல் இருக்கும்: எத்தனை பேர் ஆடலாம், எவ்வளவு நேரம் ஆகும், எந்த வயதுக்கு மேல். 'டிக்கெட் டு ரைடு' பெட்டியில் 2 முதல் 5 பேர், 30 முதல் 60 நிமிடம், 8 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறார்கள். வாங்குகிறவருக்கு வேண்டியது நான்காவது எண். எத்தனை தடவை ஆடுவோம்? சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது கோடை விடுமுறை முடிவதற்குள் பீரோ மேல் ஏறிவிடுமா, இல்லை மூலை கிழிந்து செலோடேப் ஒட்டி, பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகும் கீழே இறங்கிக்கொண்டே இருக்குமா? கடையில் நின்றபடி இதைச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று ஆட்டம் ஆடிவிட்டால் சொல்லிவிடலாம் என்பது என் நம்பிக்கை. அதற்கு ஆட்டத்தை அவ்வளவு கவனிக்க வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் என்ன பேசுகிறார் என்று காது கொடுத்தால் போதும்.

விற்கிறவர்களின் கணக்கு வேறு. ஒவ்வொரு தடவையும் புது ஆட்டம் என்பார்கள். அது பொய்யும் இல்லை. ஜெர்மனியில் பல்செட்டு செய்யும் கூடம் வைத்திருந்த கிளவுஸ் டாய்பர் 1995இல் வெளியிட்ட 'கட்டான்' தீவு, 19 அறுகோண அட்டைகளால் ஆனது. காடு, வயல், மேய்ச்சல் நிலம் தலா நான்கு, செங்கல் மேடும் மலையும் தலா மூன்று, பாலைவனம் ஒன்று. இவற்றை மாற்றி மாற்றி அடுக்கினால் ஏறத்தாழ 24,443 கோடித் தீவுகள் கிடைக்கும். பலகையைத் திருப்பினாலோ கண்ணாடியில் காட்டினாலோ ஒன்றாகத் தெரிபவற்றைக் கழித்தாலும் 2,000 கோடிக்குக் குறையாது. அட்டைகள் மேல் எண் வில்லைகளை இன்னும் வைக்கவே இல்லை. டொனால்டு வக்கரினோவின் 'டொமினியன்' 2008இல் வந்தபோது அதில் 25 வகைச் சீட்டுகள். ஓர் ஆட்டத்துக்குப் பத்து வகையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு 32,68,760 வழிகள். ஒரு குடும்பம் தினம் ஓர் ஆட்டம் என்று விரதம் போல ஆடினாலும் எண்பது ஆண்டில் முப்பதாயிரத்தைத் தொடாது. மீதித் தீவுகளை யாருக்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரில் இருக்கிறது தாயம். அதில் புதிதாக எதுவுமே கிடையாது. சிமெண்டுத் தரையில் சாக்பீசால் போட்ட அதே கட்டம், அதே மலைகள், காய்க்குப் புளியங்கொட்டையோ உடைந்த வளையலோ. அறுபது வருடம் அதையே ஆடிய பாட்டிகள் இருந்தார்கள். அலுத்துப்போனதாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் வெறும் பக்கம், ஒரு புள்ளி, இரண்டு, மூன்று. சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றில் தாயம் விழுவது இரண்டே விதம், அதாவது எட்டில் ஒரு பங்கு. தாயம் விழாமல் காய் இறங்காது. பத்து முறை உருட்டியும் தாயத்தைக் கண்ணால் காணாமல் உட்கார்ந்திருக்கிறவர் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவர். 'கட்டை இன்னிக்கு எனக்குப் பேசவே மாட்டேங்குது' என்று அவர் புலம்புவதில் கணித நியாயம் முழுக்க இருக்கிறது.

ஆனால் அதே ஆள், காய் இறங்கிய பிறகு ஆறும் பன்னிரண்டும் அடுத்தடுத்து விழுந்தபோது அவற்றை எந்தக் காய்க்கு எப்படிப் பிரித்துப் போட்டார்? மலையில் பத்திரமாக நின்ற காயைக் கிளப்பிக்கொண்டு போய் எதிராளிக்கு மூன்று கட்டம் முன்னால் ஏன் நிறுத்தினார்? அந்தப் பதினாறில் நான்கு விதம் மூன்றாகத்தான் விழும்; வேறெந்த எண்ணுக்கும் அவ்வளவு வழி இல்லை. வெட்டுக் கொடுக்க அதைவிட வசதியான இடம் கட்டத்திலேயே கிடையாது. வெட்டினவருக்கு இன்னொரு முறை உருட்டும் வாய்ப்பு வேறு. கணக்குப் புத்தகத்தைத் திறக்காமலே இதைத் தெரிந்து வைத்திருந்த பெண்கள், பேரன் காயை மூன்றில் நிறுத்தும்போது வெற்றிலைச் சாற்றை விழுங்கிக்கொண்டு பேசாமல் இருப்பார்கள்.

ஆகத் தோற்றவர் கையில் இரண்டு வாக்கியங்கள் மிஞ்சுகின்றன. ஒன்று சாக்கு: 'தாயமே விழலை.' இன்னொன்று ஆற்றாமை: 'அந்தக் காயை நகத்தியிருக்கக் கூடாது.' எது நிஜமான காரணம் என்று வீட்டில் யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது. சாக்கு இருப்பதால் அவமானம் ஒட்டுவதில்லை. ஆற்றாமை இருப்பதால் அடுத்த முறை வேறு மாதிரி ஆடிப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தீராத வழக்கு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு அடுத்த ஆட்டம்தான் வாய்தா. ஒரு விளையாட்டு ஒரு வீட்டில் நிலைக்குமா என்று பார்க்க நான் தேடுவது இந்த வழக்கைத்தான்.

சாக்கு மட்டும் தரும் விளையாட்டுகள் உண்டு. பாம்பும் ஏணியும் அப்படி. அதில் ஆடுபவர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. விழுந்த எண்ணை எண்ணி வைப்பதோடு சரி. அமெரிக்காவில் மில்டன் பிராட்லி விற்ற 'சூட்ஸ் அண்டு லாடர்ஸ்' பலகையில் ஒருவர் 100ஐ எட்ட சராசரியாக 39 சுற்றுக்கு மேல் ஆகும் என்று கணித ஆசிரியர்கள் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கணக்கைப் போட முடிவதே ஆடுகிறவரின் மனம் அதில் எங்கும் குறுக்கே வராததால்தான். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது போதும், குழந்தைக்குப் பாம்பே ஓர் ஆச்சரியம். ஏழு வயதில் அந்தப் பிள்ளை உருட்டிவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பிக்கும். நம்மூர் பரமபதமும் இதே ஜாதிதான், ஆனால் அதற்கு வேறு வேலை இருந்தது. வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க வேண்டும். தூக்கத்தைத் தள்ளிப்போட ஒன்று தேவை. வருடத்துக்கு ஓர் இரவு வெளியே வரும் விளையாட்டிடம் போய் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவாயா என்று கேட்பது நியாயமில்லை.

ஆற்றாமை மட்டும் தருவது சதுரங்கம். அங்கே கட்டை இல்லை, சீட்டு இல்லை, பழி போட எதுவும் இல்லை. தோற்றால் நான்தான் தோற்றேன். சமபலமுள்ள இரண்டு பேருக்கு இதைவிட ஆயுள் நீண்ட விளையாட்டு உலகத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு குடும்பத்தில் சமபலம் எத்தனை நாள் நிற்கும்? விஸ்வநாதன் ஆனந்த் ஆறு வயதில் அம்மாவிடம் சதுரங்கம் கற்றார். பிறகு அந்த இருவரும் எத்தனை காலம் ஒருவரை ஒருவர் ஜெயிக்கும் ஆசையோடு ஆடியிருக்க முடியும் என்று நினைத்துப் பார்க்கலாம். உலக சாம்பியன் ஆகவேண்டியதில்லை. தெருமுனை வகுப்புக்கு ஆறு மாதம் போய்வந்த பிள்ளை போதும், அப்பா 'ஆபீஸ் வேலை இருக்கு' என்று எழுந்துவிடுவார்.

பல்லாங்குழி இந்த இரண்டு வரிசையிலும் சேராமல் நழுவுகிறது, அதனால்தான் அது எனக்குப் பிடிக்கும். பகடை இல்லை, மறைவு இல்லை. 14 குழி, அத்தனை சோழியும் கண்முன்னே. ஒரு குழியை அள்ளினால் அது எங்கே போய் முடியும் என்பதைக் கொள்கையளவில் யாரும் எண்ணிவிடலாம். ஆனால் கடைசிச் சோழி விழுந்த இடத்துக்கு அடுத்த குழியை அள்ளி, அது முடிந்த இடத்திலிருந்து அடுத்ததை அள்ளி என்று ஓடத் தொடங்கினால், இரண்டாவது சுற்றுக்கு மேல் மனசு கை நழுவிவிடும். எண்ண முடிந்தும் எண்ணி முடிக்காத அந்த இடத்தில் அதிர்ஷ்டத்துக்கு நாற்காலி போட்டாகிறது. 'இது இங்க வந்து நிக்கும்னு யாரு கண்டா?' என்ற சாக்கு கிடைத்துவிடுகிறது. நாலு சோழி சேர்ந்து பசுவானதைப் பார்க்காமல் விட்டது ஆற்றாமைக்கு. அதோடு தோற்றவர் அடுத்த சுற்றைக் குறைந்த சோழியோடு, சில குழிகளைக் காலியாக விட்டு ஆரம்பிக்கிறார். போன சுற்றின் வழக்கு அப்படியே இந்தச் சுற்றுக்குக் கைமாறுகிறது. ஒரே ஒரு ஆபத்து உண்டு. சில அத்தைகள் நிஜமாகவே எண்ணி முடித்துவிடுவார்கள். அவர்களோடு ஆடினால் பல்லாங்குழி சதுரங்கமாகிவிடும், நமக்கும் ஆபீஸ் வேலை வந்துவிடும்.

கேரம் பற்றி இந்த இடத்தில் ஒரு வார்த்தை. கைத்திறன் விளையாட்டில் சாக்குக்கு இடமேது என்று கேட்கலாம். பவுடர் பத்தலை, போர்டு மழை ஈரத்துல உப்பியிருக்கு, ஸ்ட்ரைக்கர் கனம், நீ உக்காந்த பக்கம்தான் வெளிச்சம். தமிழ் வீடுகளில் வேறெந்த விளையாட்டும் இவ்வளவு சாக்கை உற்பத்தி செய்ததில்லை. மாடிப்படிக்குக் கீழே சாத்தி வைத்த அந்தப் பலகை இன்னும் வெளியே வருவதற்கு இதுவும் ஒரு காரணமென்று நினைக்கிறேன்.

சாக்கும் ஆற்றாமையும் இருந்தும் ஒரு விளையாட்டு வீட்டில் நிலைக்காமல் போவதுண்டு. 'மோனோபலி'யைத்தான் சொல்கிறேன், இங்கே 'பிசினஸ்', 'ட்ரேட்' என்ற பெயர்களில் பம்பாயும் கல்கத்தாவும் போட்டு விற்ற அதன் தம்பிகளையும் சேர்த்து. அதன் வேர் அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண் 1904இல் காப்புரிமை பெற்ற 'லேண்ட்லார்ட்ஸ் கேம்'. நிலத்தின் மேல் மட்டும் வரி போட்டால் போதும் என்று வாதிட்ட ஹென்றி ஜார்ஜின் கருத்தை வீட்டுக்கூடத்தில் விளக்குவதற்காக அவர் அதைச் செய்தார். நிலமெல்லாம் ஒருவரிடம் குவிந்தால் மற்றவர்கள் வாடகை கொடுத்தே எப்படி மாய்வார்கள் என்பதை ஆடுகிறவர்கள் அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது திட்டம். சார்லஸ் டாரோ வழியாக 1935இல் அதன் ஒரு வடிவம் பார்க்கர் பிரதர்ஸ் கைக்குப் போனது, கருத்து உதிர்ந்துபோனது, மாய்வது மட்டும் மிஞ்சியது.

முதல் ஒரு மணி நேரத்தில் நிலங்கள் பங்காகிவிடும். யார் தோற்கப் போகிறார் என்பது அப்போதே அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். அதற்குப் பிறகும் அவர் உட்கார்ந்து உருட்டி, நோட்டை எண்ணிக் கொடுத்து, வீட்டை விற்று, கடைசியில் வெளியேற வேண்டும். வெளியேறியபின் மற்றவர்கள் முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். வீடுகள் இதை இன்னும் மோசமாக்கிக்கொள்கின்றன. ஒருவர் வந்து நின்ற இடத்தை வாங்க மறுத்தால் அதை உடனே ஏலம் விட வேண்டும் என்பது அச்சிட்ட விதி. ஆட்டத்தை விறுவிறுப்பாக்குவதும் சீக்கிரம் முடிப்பதும் அந்த விதிதான், ஆனால் ஏலம் விடும் வீடுகள் அபூர்வம். அபராதப் பணத்தை நடுவில் போட்டு, 'ஃப்ரீ பார்க்கிங்'கில் வந்து நிற்பவருக்கு அள்ளிக் கொடுப்பது விதியில் எங்கும் இல்லை, ஆனால் அதைச் செய்யாத வீடுகளும் அபூர்வம். இரக்கத்தால் பணத்தை உள்ளே ஊற்றி ஊற்றிச் சாவைத் தள்ளிப்போடுகிறோம்.

இந்த நீளத்தில் தோற்றவர் பேச்சு திசை மாறுவதைக் கவனித்தால் தெரியும். கட்டையைப் பற்றியோ தன் நகர்த்தலைப் பற்றியோ அவர் பேசுவதில்லை. 'நீ எப்பவும் அவளுக்குத்தான் விக்கறே.' 'போன தடவையும் அண்ணனுக்குக் கடன் குடுத்தே, எனக்கு மட்டும் வட்டி.' வழக்கு பலகையை விட்டு எழுந்து ஆட்களின் மேல் ஏறிவிட்டது. அது பழைய குடும்ப வழக்கு. அதற்குப் பலகை விளையாட்டு தேவையில்லை. அன்றிரவு யாரோ பெட்டியை மூடும்போது நோட்டுகளை அடுக்காமல் அப்படியே அள்ளிப் போட்டு மூடுவார்கள். மறுபடி திறக்க ஓராண்டாகும்.

இதற்கு மாறாக ஆலன் மூன் வடிவமைத்து 2004இல் வந்த 'டிக்கெட் டு ரைடு'. ஜெர்மனியில் 1979 முதல் வழங்கப்படும் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதை அந்த ஆண்டே பெற்றது. விருதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புது விளையாட்டுகளை ஓராண்டுக்குள் எடைபோட வேண்டிய நடுவர்களுக்கு நான்காவது எண் எப்படித் தெரியும்? கவனிக்க வேண்டியது வேறு. அதன் அமெரிக்க வரைபடம் அச்சிட்டது அச்சிட்டபடி, மாறவே மாறாது. கட்டானின் 2,000 கோடித் தீவுகளுக்கு முன்னால் இது ஒரே ஒரு தேசம். நிற நிறமாகச் சீட்டுச் சேர்த்து ஊருக்கு ஊர் ரயில் பாதை போட வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் மற்றவர் பார்க்காத பயணச்சீட்டுகள். சியாட்டிலிலிருந்து நியூயார்க்கை இணைத்தால் 22 புள்ளி, இணைக்க முடியாமல் போனால் அதே 22 கழியும்.

வரைபடம் மாறாதது குறையென்று முதலில் தோன்றும். சில ஆட்டங்களுக்குப் பிறகு அதுவே சொத்தாகிறது. நாஷ்வில்லுக்கும் அட்லாண்டாவுக்கும் நடுவில் ஒரே ஒரு ரயில் பெட்டி வைக்கும் சின்னஞ்சிறு பாதை. அதை ஒருவர் பிடித்துவிட்டால் தென்கிழக்குக்குப் போகிற மற்றவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த ஊர்களை ஆயுசில் பார்க்கப் போகாத ஒரு குடும்பம் அங்கே என்றோ நடந்த துரோகத்தை நினைவில் வைத்திருக்கும். 'போன பொங்கலுக்கு அட்லாண்டால என்ன பண்ணேன்னு மறந்துட்டியா சித்தி?' ஒவ்வொரு முறையும் தீவு கலைந்து புதிதாகப் பிறக்கும் விளையாட்டில் இந்தப் பேச்சுக்கு இடம் கொஞ்சம் குறைவு. பழைய வழக்கு தொடர்ந்து நடக்க, சம்பவ இடம் அப்படியே இருக்க வேண்டும்.

அந்தத் துரோகம் துரோகம்தானா என்பதும் தீராது. பயணச்சீட்டு மறைவாக இருப்பதால் சித்தி எப்போதும் 'நீ அந்தப் பக்கம் போறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கலாம். தாயத்தில் வெட்டு வெளிப்படை. இங்கே வெட்டினவருக்கும் ஒரு சாக்கு கிடைக்கிறது. மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்காரும் மேசையில் இது சாதாரண வசதி இல்லை. யாரும் நடுவில் வெளியேறுவதில்லை. ஒருவரிடம் இரண்டு ரயில் பெட்டியோ அதற்கும் குறைவாகவோ மிஞ்சினால் எல்லோருக்கும் இன்னும் ஒரு முறை, அதோடு முடிந்தது. பயணச்சீட்டுகளைத் திறந்து காட்டிப் புள்ளி கூட்டும்வரை தோற்றவர் யாரென்று தெரியாது. தெரிந்ததும் அவர் சொல்வது இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்: 'ஆரஞ்சு சீட்டே வரலை.' அல்லது, 'கடைசில பேராசைப்பட்டு இன்னும் ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கக் கூடாது.'

முதல் ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. அது விதிப் புத்தகத்தின் ஆட்டம். ஒருவர் படிப்பார், மற்றவர்கள் அவரைச் சந்தேகப்படுவார்கள். மூன்றாவதில் தெரியும். அப்போதும் பேச்சு விதியைப் பற்றியே இருந்தால் அந்தப் பெட்டி தேறாது. தோற்றவர் கோபப்பட்டால்கூட நம்பிக்கை உண்டு. மிக மோசமான அறிகுறி, சிரித்த முகத்தோடு 'நல்லா இருந்துச்சு' என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுப்பது. அழகான மரக்காய்களும் கனத்த அட்டையும் உள்ள எத்தனையோ பெட்டிகளை அந்த இரண்டு வார்த்தைகள் முடித்து வைத்திருக்கின்றன.

ஆயுளை முன்கூட்டியே சொல்லிவிடுகிற நேர்மையான விளையாட்டுகளும் வந்தன. ராப் டாவியோவின் 'ரிஸ்க் லெகசி' 2011இல் வந்தது. பலகையில் ஸ்டிக்கர் ஒட்டு, பேர் எழுது, சில சீட்டுகளைக் கிழித்துப் போடு என்று விதியே சொல்லும். மேட் லீகாக்கோடு சேர்ந்து அவர் செய்த 'பாண்டெமிக் லெகசி' (2015) 12 ஆட்டத்துக்குக் குறையாமல், 24க்கு மேல் போகாமல் முடிந்துவிடும். பிறகு பெட்டி வெறும் நினைவுப் பொருள். கிழித்துப் போடுவதற்குக் காசா என்று கொதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அலமாரியில் கிழியாமல் இருக்கும் பெட்டிகளில் எது 12 தடவை திறக்கப்பட்டது என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

ஒரு விளையாட்டு நின்றுபோனால் எப்போதும் விளையாட்டின் குற்றமும் இல்லை. ஆடிய நால்வரில் ஒருவர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார், ஒருவருக்குக் கண்ணில் புரை விழுந்து பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. வாங்கியவர் ஆர்வமும் கணக்கைக் குழப்பும். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார், பெட்டியை எடுப்பதும் விரிப்பதும் 'வாங்க, வாங்க' என்று இழுத்து உட்காரவைப்பதும் அவரே. அவர் முகத்துக்காக மற்றவர்கள் ஆடுவதை விளையாட்டின் ஆயுள் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் ஊரில் இல்லாத நாளில் பெட்டி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதனால் இப்போதெல்லாம் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு, வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்குங்கள் என்கிறேன். வாங்கிவிட்டவர்களிடம், பக்கத்து வீட்டுக்குக் கொஞ்ச நாள் கொடுத்துப் பாருங்கள் என்கிறேன். ஒரே வாரத்தில் காய்களை எண்ணி, பை பையாகக் கட்டி, 'ரொம்ப தேங்க்ஸ்' என்று திருப்பிக் கொண்டுவந்தால் சந்தேகம் வேண்டாம், தேறாது. கேட்டு அனுப்பியும் பெட்டி வராமல், மறுபடி கேட்டதற்கு அந்த வீட்டுப் பெண் கதவைப் பாதி திறந்தபடி நின்று, 'அக்கா, இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் இருக்கட்டுமா? எங்க மாமனாருக்குச் சீட்டே சரியா வரலையாம்' என்று இழுத்தால், கடைக்குப் போய் இன்னொரு பெட்டி வாங்கிக்கொள்வதுதான் மரியாதை.